பழைய வின்டோஸுக்கு எந்த ஒஃபிஸ்? காலாவதித் திகதிகளும் பாமினிக் கோப்புகளும்

2025 ஒக்டோபர் 14ஆம் திகதி வின்டோஸ் 10க்கான மைக்ரோசொஃப்டின் ஆதரவு முடிந்தது. ஒஃபிஸ் 2016, ஒஃபிஸ் 2019 இரண்டுக்கும் அதே நாள்தான் கடைசி. அதற்கு இரண்டு மாதம் முன்னர் வெளிவந்த மைக்ரோசொஃப்ட் ஒஃபிஸுக்கு இலவச மாற்றான லிப்ரே ஒஃபிஸின் 25.8 பதிப்பு, வின்டோஸ் 7, 8, 8.1 மூன்றையும் கைவிட்டிருந்தது. இந்தச் செய்திகள் வாட்ஸ்அப் குழுக்களில் கைமாறிக் கைமாறி, "இனி வேர்ட் திறக்காதாம்", "கணினியை மாற்றியே ஆக வேண்டுமாம்" என்ற அளவுக்கு வந்து நிற்கின்றன.

வேர்ட் திறக்கும். கணினியை மாற்றுவதும் எல்லோருக்கும் கட்டாயமில்லை. புதுக்கடையில் சத்தியக் கடதாசி தயாரிக்கும் சட்டத்தரணி அலுவலகம், வெள்ளவத்தையில் பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்த்துக் கொடுப்பவர், புறக்கோட்டையின் மொத்தக் கடை, உயர்தர வினாத்தாள் தயாரிக்கும் ரியூசன் ஆசிரியர் ஆகிய எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. ஒரு கணினியில் எந்த ஒஃபிஸ் ஓடும் என்பதை அதன் இயங்குதளம் தீர்மானிக்கிறது. எது போதும் என்பதைத் தீர்மானிப்பது, அங்கே உருவாகும் கோப்பு அடுத்து யாருடைய கணினியில் திறக்கப்படுகிறது என்பது. பெரும்பாலானோர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். தொல்லை தொடங்குவது இரண்டாவதில்.

## ஆதரவு முடிந்தால் நடப்பது என்ன

இயங்குதளம் கணினியின் அடித்தள மென்பொருள். வின்டோஸ் எக்ஸ்பி, 7, 10, 11 எல்லாம் அதன் வெவ்வேறு தலைமுறைகள். ஒஃபிஸ் அதன்மேல் நிறுவப்படும் தனித் தொகுதி: எழுத வேர்ட், கணக்குக்கு எக்செல், மின்னஞ்சலுக்கு அவுட்லுக். இரண்டையும் ஒரே நிறுவனம் விற்பதால் இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காலக்கெடு.

வின்டோஸ் பதிப்புகளின் ஆதரவு முடிந்த நாட்கள்:

1. எக்ஸ்பி: 2014 ஏப்ரல் 8
2. விஸ்டா: 2017 ஏப்ரல் 11
3. வின்டோஸ் 7: 2020 ஜனவரி 14
4. வின்டோஸ் 8.1: 2023 ஜனவரி 10
5. வின்டோஸ் 10: 2025 ஒக்டோபர் 14

ஒஃபிஸ் பதிப்புகளுக்கு:

1. ஒஃபிஸ் 2003: 2014 ஏப்ரல் 8
2. ஒஃபிஸ் 2007: 2017 ஒக்டோபர் 10
3. ஒஃபிஸ் 2010: 2020 ஒக்டோபர் 13
4. ஒஃபிஸ் 2013: 2023 ஏப்ரல் 11
5. ஒஃபிஸ் 2016, 2019: 2025 ஒக்டோபர் 14
6. ஒஃபிஸ் 2021: 2026 ஒக்டோபர் 13
7. ஒஃபிஸ் 2024: 2029 ஒக்டோபர் 9

இந்த நாட்களுக்குப் பிறகு மென்பொருள் நிற்பதில்லை. நேற்று அச்சடித்த கடிதத்தை நாளையும் அச்சடிக்கலாம். நிற்பது திருத்தங்கள் மட்டுமே. மென்பொருளில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் ஆதரவுக் காலத்தில் அதை அடைக்கும் இற்றைப்படுத்தல் வரும். காலம் முடிந்தபின் ஓட்டை அப்படியே கிடக்கும். புதிய பதிப்புக்கு வெளியாகும் திருத்தத்தைப் பார்த்தே பழைய பதிப்பில் எங்கே ஓட்டை இருக்கும் என்று ஊகிக்கிறவர்களும் உண்டு. ஆகவே ஆபத்து ஒரே நாளில் வருவதில்லை, மாதாமாதம் சேர்கிறது.

## ஏன் பழைய கணினிகள் இன்னும் மேசையில்

2022இல் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து சில மாதங்களில் 360 ரூபாய் அளவுக்கு ஏறியது. கணினி என்பது முழுக்க இறக்குமதிப் பொருள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கியவர்கள் பலர் புதுக் கணினி எண்ணத்தைக் கைவிட்டு, இருப்பதற்கே கூடுதல் நினைவகமும் (ரம்) வேகமான சேமிப்பு வட்டும் (எஸ்எஸ்டி) போட்டுக்கொண்டு திரும்பினார்கள்.

அதற்குமேல் வின்டோஸ் 11 வைத்த நிபந்தனைகள். டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு, செக்கியூர் பூட் வசதி, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலி ஆகியவை வேண்டும். 2017க்கு முன் வாங்கிய கணினி எவ்வளவு நன்றாக ஓடினாலும் இந்தப் பட்டியலில் தோற்றுவிடும்.

மூன்றாவது காரணம் கடைகளுக்கே உரியது. பத்துப் பதினைந்து வருடம் முன்னர் எழுதுவித்த பில் மென்பொருள் எக்ஸ்பியிலோ 7இலோ மட்டும் ஓடும். அதனோடு பூட்டிய டொட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் மூன்று பிரதி பில்லை ஒரே தட்டில் அடித்துத் தரும். எழுதியவரைத் தேடிப் பிடிக்க முடியாது. பிடித்தாலும் மூலநிரல் அவரிடம் இருக்காது. இப்படிப்பட்ட கணினியை மாற்றச் சொல்வது எளிது, மாற்றுவது அப்படியல்ல.

## எந்த வின்டோஸில் எது ஓடும்

எக்ஸ்பி. மைக்ரோசொஃப்ட் ஒஃபிஸில் 2010 வரை ஓடும், அதுவும் சேர்விஸ் பேக் 3 என்ற திருத்தத் தொகுப்பு இருந்தால். லிப்ரே ஒஃபிஸில் 5.4 கடைசி, 6.0 முதல் எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் இடமில்லை. இன்னொரு இலவசத் தொகுதியான அப்பாச்சி ஓப்பன் ஒஃபிஸின் 4.1 வரிசை மட்டும் எக்ஸ்பியை விடாமல் வைத்திருக்கிறது. கேட்க இனிப்பான செய்திதான், ஆனால் அதன் குறை கீழே வருகிறது.

வின்டோஸ் 7. ஒஃபிஸ் 2010, 2013, 2016 மூன்றும் பொருந்தும். 2019 முதல் வின்டோஸ் 10 வேண்டும். லிப்ரே ஒஃபிஸில் 25.2 வரிசையே கடைசி. அதை வெளியிடும் டொக்யுமென்ட் ஃபவுண்டேஷனின் பதிவிறக்கக் காப்பகத்தில் பழைய பதிப்புகள் அனைத்தும் இலவசமாகக் கிடக்கின்றன. வேறு தளங்களில் தேடத் தேவையில்லை, தேடவும் கூடாது. ஜெர்மனியின் சொஃப்ட்மேக்கர் நிறுவனத்தின் ஃப்ரீஒஃபிஸ் 2021, சீனாவின் கிங்சொஃப்ட் நிறுவனத்தின் டபிள்யூபிஎஸ் ஆகியவையும் ஓடும். டபிள்யூபிஎஸின் இலவசப் பதிப்பில் விளம்பரங்கள் வரும், கணக்குத் திறக்கவும் மேகத்தில் சேமிக்கவும் தூண்டிக்கொண்டே இருக்கும். கட்சிக்காரரின் ஆவணங்கள் இருக்கும் மேசைக்கு அது எனக்குச் சரியாகப் படவில்லை.

வின்டோஸ் 8.1. கொழும்பில் அரிது. வின்டோஸ் 7க்குச் சொன்னவை இதற்கும் பொருந்தும்.

வின்டோஸ் 10. ஒஃபிஸ் 2024 வரை நிறுவலாம். மைக்ரோசொஃப்ட் 365 சந்தா மென்பொருள்களுக்கு வின்டோஸ் 10இல் 2028 ஒக்டோபர் 10 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதாக அறிவித்திருக்கிறார்கள். லிப்ரே ஒஃபிஸின் புதிய வரிசைகளும் ஓடும். இயங்குதளத்துக்கே தனிநபர் நீட்டிப்புத் திட்டமும் உண்டு: 2026 ஒக்டோபர் 13 வரை, 30 டொலருக்கு, அல்லது கணினி அமைப்புகளை மைக்ரோசொஃப்ட் கணக்குடன் ஒத்திசைத்தால் கட்டணமின்றி. ஆனால் அது வின்டோஸுக்கு மட்டும். கணினியில் ஒஃபிஸ் 2016 இருந்தால் அதற்கு இந்தத் திட்டத்தில் எந்தத் திருத்தமும் கிடைக்காது. செய்திகளில் விடுபடும் நுணுக்கம் இதுதான்.

## கோப்பு வடிவம்: இலவச மென்பொருள்கள் பிரியும் இடம்

ஒஃபிஸ் 2003 வரை வேர்ட் கோப்பு என்றால் டொக், எக்செல் என்றால் எக்ஸ்எல்எஸ். ஒஃபிஸ் 2007 புதிய வடிவங்களைக் கொண்டுவந்தது: டொக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ். இவை 2008இல் சர்வதேசத் தரநிலையாகவும் ஏற்கப்பட்டன. லிப்ரே ஒஃபிஸின் சொந்த வடிவமான ஓடிஎஃப் 2006இலேயே அந்த ஏற்பைப் பெற்றுவிட்டது.

இன்று இணையவழி விண்ணப்பங்களும் நிறுவனங்களும் கேட்பது டொக்எக்ஸ் அல்லது பிடிஎஃப். இங்கேதான் அப்பாச்சி ஓப்பன் ஒஃபிஸ் தடுமாறுகிறது. டொக்எக்ஸ் கோப்பைத் திறக்கும், ஆனால் திருத்தியபின் டொக்எக்ஸாகச் சேமிக்காது. 2010இல் அதன் பழைய குழுவிலிருந்து பிரிந்துபோனதுதான் லிப்ரே ஒஃபிஸ். வேலை செய்யும் நிரலாளர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். பெயர் பழகியது என்பதற்காக ஓப்பன் ஒஃபிஸை இன்றைக்குப் புதிதாக நிறுவக் காரணம் எதுவும் தெரியவில்லை.

எக்செல்லில் வடிவ வேறுபாடு எண்ணிக்கையாகவே தெரியும். எக்ஸ்எல்எஸ் தாளில் 65,536 வரிசை, 256 நிரல். எக்ஸ்எல்எஸ்எக்ஸில் 10,48,576 வரிசை, 16,384 நிரல். பில் மென்பொருளிலிருந்து சில வருட விற்பனையை ஒரே தாளில் எடுக்கும் கடைக்கு முதல் எல்லை குறுக்கே வரும். எல்லைக்கு மேற்பட்ட வரிசைகள் பழைய வடிவத்தில் சேமிக்கும்போது வெட்டுப்படும். எச்சரிக்கைப் பெட்டி ஒன்று வரும், அதைப் படிக்காமல் சரி என்று அழுத்துவது எல்லோருக்கும் வழக்கம்.

பிடிஎஃப் தேவையென்றால் ஒஃபிஸ் 2003 தனித்து உதவாது. 2007இல் சேர்விஸ் பேக் 2க்குப் பிறகு வசதி உள்ளேயே வந்தது. லிப்ரே ஒஃபிஸில் அது எப்போதும் உண்டு.

## தமிழ்: உண்மையான முட்டுக்கட்டை

மேலே சொன்ன ஒப்பீடுகள் எந்த மொழிக்காரருக்கும் பொதுவானவை. கொழும்பில் தமிழ் அலுவலகங்களுக்கு அதைவிடப் பெரிய கேள்வி: இதுவரை சேர்த்து வைத்த கோப்புகள் பாமினியிலா, யூனிகோடிலா?

பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை. கணினியைப் பொறுத்தவரை அந்தக் கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் அவற்றுக்கே உரிய எண்கள் உண்டு. தமிழுக்கான இலங்கைத் தரநிலை எஸ்எல்எஸ் 1326 யூனிகோடை அடிப்படையாகக் கொண்டு 2008இல் வந்தது. இருந்தும் தட்டச்சு நிலையங்களிலும் அச்சகங்களிலும் பாமினி போகவில்லை. விரல் பழகிவிட்டது, பழைய கோப்புகளும் மலைபோல் குவிந்து கிடக்கின்றன.

இதனால் ஒஃபிஸ் தேர்வில் வரும் விளைவுகள்:

1. பாமினிக் கோப்பு எந்தப் பழைய கணினியிலும், எந்த ஒஃபிஸிலும் சரியாகத் தெரியும், எழுத்துரு நிறுவியிருக்கும் வரை. எக்ஸ்பியில் ஒஃபிஸ் 2003 வைத்திருப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாமல் இருப்பதற்குக் காரணம் இதுவே.

2. அதே கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பெறுபவரின் கைபேசியில் ஆங்கில எழுத்துக் குவியலாக நிற்கும். கூகுள் டொக்ஸிலும் அதே கதை, அங்கே பாமினி எழுத்துருவை நிறுவ வழியில்லை.

3. வேர்ட் அதை ஆங்கிலமாக எண்ணித் "திருத்தும்". பாமினியில் சிறிய எம் விசை அகரம், பெரிய எம் ஆகாரம். வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் தானியங்கித் திருத்தம் இயங்கினால் "அம்மா" என்று தட்டியது "ஆம்மா" ஆகும். தனியாக நிற்கும் சிறிய ஐ விசையை அது பெரிதாக்கினால் ஐகாரக் கொம்பு ஐகார எழுத்தாகிவிடும். புதிதாக எந்த ஒஃபிஸ் நிறுவினாலும், லிப்ரே ஒஃபிஸ் உட்பட, முதல் வேலையாக இந்தத் தானியங்கித் திருத்தங்களை அணைக்க வேண்டும். மென்பொருள் மாற்றியதும் "எழுத்தெல்லாம் பிழைக்கிறது" என்று வரும் முறைப்பாடுகளில் இதுவும் ஒன்று.

4. எக்செல்லில் பெயர்ப் பட்டியலை அகர வரிசைப்படுத்தினால் ஆங்கில விசை வரிசையில்தான் அடுக்கும். தேடலும் பாமினியில் தட்டினால் மட்டுமே கிடைக்கும்.

5. மும்மொழிப் படிவங்களில் நிலைமை இன்னும் சிக்கல். சிங்களம் எஃப்எம் அபயவில், தமிழ் பாமினியில், ஆங்கிலம் டைம்ஸ் நியூ ரோமனில் இருக்கும். மூன்றும் உள்ளே ஆங்கில எழுத்துகளே. முழுக் கோப்பையும் தெரிவு செய்து எழுத்துருவை மாற்றினாலோ, யூனிகோட் மாற்றியில் மொத்தமாக ஒட்டினாலோ ஆங்கிலமும் சிங்களமும் சேர்ந்து சிதையும். பகுதி பகுதியாகத்தான் மாற்ற வேண்டும்.

யூனிகோடுக்கு மாற முடிவெடுத்தால் விசைப்பலகையை மறக்க வேண்டியதில்லை. இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் பாமினி விசையமைப்பிலேயே தட்டி யூனிகோட் பெற வழி தருகின்றன. பழைய வின்டோஸிலும் ஓடும். விரல் அதேபடி ஓட, கோப்பு மட்டும் மாறும். பல தட்டச்சாளர்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை என்பது வியப்பு.

யூனிகோடுக்கும் பழைய வின்டோஸில் ஒரு முன்நிபந்தனை உண்டு. கொம்பும் துணைக்காலும் உரிய இடத்தில் அமர எழுத்தை அடுக்கித் தரும் ஒரு பொறி வேண்டும். எக்ஸ்பியில் அது இயல்பாக இயங்காது. மண்டல, மொழி அமைப்பில் சிக்கலான எழுத்துகளுக்கான கோப்புகளை நிறுவ வேண்டும், அதற்குப் பெரும்பாலும் எக்ஸ்பி இறுவட்டைக் கேட்கும். சிங்களத்துக்கு அதுவும் போதாது, தனித் தொகுப்பு வேண்டும். விஸ்டாவிலிருந்து இரண்டும் உள்ளேயே வருகின்றன. லிப்ரே ஒஃபிஸ் 5.3 முதல் எல்லா இயங்குதளங்களிலும் ஹார்ஃப்பஸ் என்ற சொந்தப் பொறியைப் பயன்படுத்துகிறது, வின்டோஸின் பொறியை நம்பியிருப்பதில்லை. எனவே எக்ஸ்பியில் யூனிகோட் தமிழ் வேலைக்கு லிப்ரே ஒஃபிஸ் 5.4தான் என் தெரிவு, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துரு ஒன்றைக் கூடவே நிறுவிக்கொண்டு.

கடைசியாக எழுத்துரு இடமாற்றம். எக்ஸ்பியிலும் 7இலும் தமிழுக்கு லதா இருந்தது. 7இல் விஜயாவும் சேர்ந்தது. வின்டோஸ் 8இல் நிர்மலா யூஐ வந்தது. வின்டோஸ் 10இல் லதாவும் விஜயாவும் இயல்பாக நிறுவப்படுவதில்லை, விருப்ப அம்சங்களில் தமிழ்த் துணை எழுத்துருக்களாகத் தேடிச் சேர்க்க வேண்டும். வின்டோஸ் 7இல் லதாவில் ஒரு பக்கத்துக்குள் அடக்கிய மொழிபெயர்ப்பு, வின்டோஸ் 10இல் திறக்கும்போது ஒன்றேகால் பக்கமாகலாம். முத்திரையும் கையொப்பமும் தனியே அடுத்த பக்கத்தில் போய் நிற்கும். ஆங்கிலத்திலும் இதே தொல்லை புதிதாக வந்திருக்கிறது: மைக்ரோசொஃப்ட் 365இல் 2023 முதல் இயல்பு எழுத்துரு கலிப்ரி அல்ல, அப்டோஸ். பழைய கணினியில் அது இருக்காது. கலிப்ரிக்குப் பதில் அதே அகல அளவுள்ள கார்லிட்டோ லிப்ரே ஒஃபிஸில் வருகிறது. அப்டோஸுக்கு அப்படியொன்று கூட வருவதில்லை. திருத்தத் தேவையில்லாத எதையும் பிடிஎஃப் ஆக்கி அனுப்புவது இந்தப் பகுதி முழுவதற்கும் மலிவான மருந்து. பாமினியைக்கூட பிடிஎஃப் கண்ணுக்குச் சரியாகக் காட்டும். உள்ளே தேடினால்தான் கிடைக்காது.

## கணித ஆசிரியர்களுக்கு ஒரு தனிப் பகுதி

பழைய வேர்டில் சமன்பாடு எழுத ஈக்குவேஷன் எடிட்டர் 3.0 என்ற சிறு மென்பொருள் இருந்தது. உயர்தர இணைந்த கணித வினாத்தாள்கள் ஆயிரக்கணக்கில் அதில் எழுதப்பட்டவை. 2017 நவம்பரில் அதில் ஒரு கடுமையான ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது: குறும்பாகத் தயாரித்த ஒரு கோப்பைத் திறந்தாலே கணினி வேறொருவர் கைக்குப் போகக்கூடும். அந்த நிரல் 2000ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்டு, அதன்பின் யாரும் தொடாமல் கிடந்தது. மைக்ரோசொஃப்ட் முதலில் ஒட்டுப்போட்டது, பின்னர் 2018 ஜனவரி இற்றைப்படுத்தலில் அதை ஒஃபிஸிலிருந்தே நீக்கிவிட்டது.

விளைவு இரண்டு வகை. இற்றைப்படுத்திய கணினியில் பழைய சமன்பாடுகள் தெரியும், அச்சாகும். இரட்டைச் சொடுக்கினால் திருத்த முடியாது. இற்றைப்படுத்தாத கணினியில் திருத்த முடியும், ஓட்டையும் அங்கேயே இருக்கும். இதற்காகவே இற்றைப்படுத்தலை நிறுத்தி வைக்கும் ஆசிரியர்களின் கணக்கு புரிகிறது, ஆனால் மாணவர்களிடமிருந்து பென் டிரைவ் வாங்கும் கணினியில் அது விலை கூடிய கணக்கு.

லிப்ரே ஒஃபிஸ் இங்கே எதிர்பாராத உதவி செய்கிறது. அமைப்புகளில் ஏற்றல், சேமித்தல் பகுதியில் மைக்ரோசொஃப்ட் ஒஃபிஸ் பக்கத்தில் மேத்டைப் (ஈக்குவேஷன் எடிட்டரின் குடும்பம்) சமன்பாடுகளை லிப்ரே ஒஃபிஸ் மேத்தாக மாற்றும் தெரிவு உண்டு. அதை இயக்கித் திறந்தால் பழைய சமன்பாடுகள் பலவற்றைத் திரும்பத் திருத்தலாம். எல்லாம் ஒழுங்காக வராது. அணிகளும் நீண்ட பின்னங்களும் கையால் சரிபார்க்க வேண்டியவை.

## இணையம் இணைந்திருக்கிறதா

பாதுகாப்புப் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன: பழையதைப் பாவிக்காதீர்கள். அதைவிடப் பயனுள்ள பிரிப்பு ஒன்று உண்டு.

இணையம் இல்லாத, வெளிப் பென் டிரைவ் செருகாத கணினியில் ஒஃபிஸ் 2007ம் பெரிய ஆபத்தில்லை. வெளியிலிருந்து வரும் கோப்புகளைத் திறக்கும் கணினியில் ஒஃபிஸின் வயது நேரடியாகக் கணக்கில் வரும். ஒஃபிஸ் 2010இல்தான் இணையத்திலிருந்து வந்த கோப்பைத் திருத்த முடியாத காப்பு நிலையில் திறக்கும் வசதி வந்தது. 2007இலும் 2003இலும் அந்த முதல் தடுப்பே கிடையாது. வின்டோஸ் 7இல் இணையத்தோடு இருந்துதான் ஆக வேண்டும் என்றால், 2020இல் திருத்தம் நின்ற ஒஃபிஸ் 2010ஐவிட 2025 வரை பராமரிக்கப்பட்ட லிப்ரே ஒஃபிஸ் 25.2 பாதுகாப்பானது.

"மென்பொருளே வேண்டாம், கூகுள் டொக்ஸில் செய்யுங்கள்" என்ற யோசனை பழைய வின்டோஸில் பாதிதான் செல்லும். குரோம் உலாவியில் வின்டோஸ் 7க்கும் 8.1க்கும் 109தான் கடைசிப் பதிப்பு, 2023 ஜனவரியில் வந்தது. ஃபயர்பொக்ஸில் 115 நீடித்த ஆதரவு வரிசை. எக்ஸ்பிக்கு குரோம் 49, ஃபயர்பொக்ஸ் 52. எக்ஸ்பிக்கான இந்த இரண்டிலும் இன்றைய தளங்கள் பல திறப்பதேயில்லை. உலாவி பழையதாக, இணைய ஒஃபிஸ் மட்டும் புதியதாக இருப்பதில் பாதுகாப்பும் இல்லை, வேகமும் இல்லை.

முதலில் கைவிடுவது பெரும்பாலும் அவுட்லுக்தான். கூகுள் 2022 மே 30 முதல் தனிப்பட்ட கணக்குகளில், பழைய மென்பொருள்கள் வழக்கமான கடவுச்சொல்லை மட்டும் கொடுத்து உள்ளே வருவதை நிறுத்தியது. மைக்ரோசொஃப்ட் தன் அவுட்லுக் கணக்குகளில் 2024 செப்டெம்பர் 16 முதல். வேர்ட் நன்றாக ஓட, மின்னஞ்சல் மட்டும் கடவுச்சொல்லை மீண்டும் மீண்டும் கேட்டால் காரணம் இதுவாக இருக்கலாம். ஒஃபிஸை அழித்துத் திரும்ப நிறுவுவதால் தீராது.

உரிமம் பற்றியும் சொல்ல வேண்டும். வின்டோஸ் 7க்குப் பொருந்தும் ஒஃபிஸ் 2010, 2013, 2016 எதையும் இன்று மைக்ரோசொஃப்டிடம் வாங்க முடியாது. ஏற்கெனவே உரிமம் வைத்திருப்பவர் பாவிக்கலாம். மற்றவர்களுக்கு "லைஃப்டைம் கீ" என்று சில ஆயிரம் ரூபாய்க்கு விற்பது பெரும்பாலும் நிறுவனங்களுக்கான மொத்த உரிமத்தின் துண்டு. அதைவிட மோசம் உரிமத்தை ஏமாற்றி இயக்கும் சிறு நிரல்கள். அவற்றை ஓட்ட முதலில் வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்வார்கள், அந்த இடைவெளியில் வேறு என்ன உள்ளே வருகிறது என்று யாருக்கும் தெரியாது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் காக்கிறது. கட்சிக்காரர், வாடிக்கையாளர் விபரங்களை வைத்திருப்போருக்கு அவற்றைக் காக்கும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகுத்துள்ளது. இலவசமாகவும் சட்டப்படியும் லிப்ரே ஒஃபிஸ் கிடைக்கும்போது திருட்டுப் பிரதிக்குச் சாக்கு மெலிகிறது.

## முடிவெடுக்கும் ஒழுங்கு

1. பில் மென்பொருளுக்காகவே பழைய வின்டோஸ் என்றால் அந்தக் கணினியை இணையத்திலிருந்து கழற்றிவிடுங்கள். இருக்கும் ஒஃபிஸே போதும். கடிதமும் மின்னஞ்சலும் வேறு கணினியில்.

2. அப்படியொரு தளை இல்லையென்றால் வின்டோஸ் 7ஐப் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையே இல்லை. லினக்ஸ் மின்ட் 22 பத்து வருடக் கணினியிலும் ஓடும், 2029 வரை ஆதரவு உண்டு, லிப்ரே ஒஃபிஸ் கூடவே வரும். யூனிகோட் தமிழும் சிங்களமும் நன்றாகத் தெரியும். பிரிண்டரும் ஸ்கேனரும் பொருந்துகின்றனவா என்பதைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுவலாம்.

3. வின்டோஸ் 7இலேயே இருந்து வெளியாருக்குக் கோப்பு அனுப்புபவர் லிப்ரே ஒஃபிஸ் 25.2ஐ நிறுவி, இயல்புச் சேமிப்பு வடிவத்தை டொக்எக்ஸாக மாற்றிக்கொள்ளலாம். தமிழ் எழுத்துரு மாறவில்லை என்று தோன்றினால் மொழி அமைப்பில் சிக்கலான எழுத்து அடுக்கல் இயங்குகிறதா என்று பாருங்கள். அங்கே தமிழுக்கான எழுத்துருவும் அளவும் ஆங்கிலத்திலிருந்து தனியே வைக்கப்படுகின்றன.

4. எக்செல்லில் மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) எழுதி நடத்தும் கணக்குகள் இருந்தால் லிப்ரே ஒஃபிஸ் அவற்றில் சிலவற்றைத்தான் ஓட்டும். இதற்கு மட்டும் மைக்ரோசொஃப்ட் ஒஃபிஸ் தவிர்க்க முடியாதது, அதோடு வின்டோஸ் 10 அல்லது 11ம்.

5. மாறிய கோப்பு திரும்பித் திரும்பி வரும் வேலை, உதாரணமாக இரண்டு சட்டத்தரணிகள் ஒரே உறுதியை மாறி மாறித் திருத்துவது, இரு பக்கமும் ஒரே ஒஃபிஸ் குடும்பத்தில் இருந்தால்தான் நிம்மதி. அடுத்த பக்கம் மைக்ரோசொஃப்ட் 365இல் இருந்தால், இந்தப் பக்கம் மிச்சம் பிடிக்கும் பணம் பந்தி எண்களையும் பக்க உடைப்புகளையும் திருத்துவதில் போய்விடும்.

நிறுவும் முன், நீங்கள் கடந்த மாதம் அனுப்பிய கோப்புகளில் மிகச் சிக்கலான ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: மும்மொழிப் படிவம், அட்டவணை உள்ள மொழிபெயர்ப்பு, சமன்பாடு நிறைந்த வினாத்தாள், எதுவானாலும். அதைப் புதிய மென்பொருளில் திறந்து, ஒரு சொல்லை மாற்றி, டொக்எக்ஸாகச் சேமித்து, பெறுபவரின் கணினியில் திறந்து, அங்கேயே அச்செடுத்து முன்னைய பிரதியோடு வைத்துப் பாருங்கள். பழைய ஒஃபிஸை அந்த ஒப்பீடு முடிந்தபின் அழிக்கலாம், அதற்கு முன் வேண்டாம். லிப்ரே ஒஃபிஸும் மைக்ரோசொஃப்ட் ஒஃபிஸும் ஒரே கணினியில் சண்டையின்றி இருக்கும்.